வீட்டுக்காரனே போய்ச் சொல்ல வேண்டும்

(நம் ஆஸ்பத்திரியின் வருடாந்தர நன்றி ஆராதனைக்குப் பின் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை. வர இயலாத அன்பர்களுக்காக இங்கே முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சுகமாகி வீடு திரும்பினவர்களைப் பற்றிக் கேட்டுச் சந்தோஷப்படுவோம். இந்த வருஷம் பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "ஐயரே, தொற்றுக் கணக்கைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும். நாங்கள் பேசினால் வகுப்பு நடத்துகிறமாதிரி இருக்கும்" என்றார்கள். பிரசங்கம் பண்ணுகிறமாதிரி இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று எண்ணினார்கள்போலும். எப்படியிருந்தாலும், நான் பேசப்போவது சுகமானவர்களைப் பற்றியல்ல. நம்மிடத்தில் வந்து, நம்மாலேயே இன்னொரு சுகவீனத்தை வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி.

ஒருவர் கால் எலும்பு முறிந்து வருகிறார். ஆபரேஷன் நன்றாக நடக்கிறது. சில நாள் கழித்துத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைக்கிறது. அந்தச் சீழை அவர் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. இதைத்தான் ஆஸ்பத்திரியில் வாங்கிய தொற்று என்கிறார்கள். முக்கியமாக நாலு விதத்தில் வருகிறது. ஆபரேஷன் புண்ணில் வருவது ஒன்று. மூத்திரக் குழாய் போட்டவர்களுக்கு அதன் வழியாக வருவது ஒன்று. மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் வைக்கிற சென்ட்ரல் லைன் வழியாக ரத்தத்தில் கலப்பது ஒன்று. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நெஞ்சில் வருகிற நிமோனியா இன்னொன்று. படுக்கையில் சேர்ந்து 48 மணி நேரத்திற்குப் பிறகு தலைகாட்டினால் பொதுவாக அதை நம் கணக்கில் எழுத வேண்டும். அதற்கு முன்னே தெரிந்தால் அவர் வரும்போதே கொண்டுவந்தது என்று கொள்ளலாம்.

இது எங்கோ நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆஸ்பத்திரியில் படுக்கிற 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது ஒட்டிக்கொள்கிறது. காலையும் மாலையும் ஜெபம் பண்ணுகிற ஆஸ்பத்திரி என்பதால் கிருமி நம் வாசலில் நின்றுவிடாது.

லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தை நம்மில் அநேகர் வேகமாகப் புரட்டிவிடுவோம். குஷ்டரோகத்தைப் பற்றிச் சொல்லும் அதற்கு முந்தின அதிகாரத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டு, அந்த வியாதியஸ்தர்களை ஊருக்கு வெளியே தள்ளி வேதனைப்படுத்தினவர்கள் உண்டு. அவர்களுக்குப் புகலிடம் கொடுத்த மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகையால் அந்த அதிகாரங்களை நான் யோசித்தே எடுக்கிறேன். ஆனால் பதினான்காம் அதிகாரத்தின் பிற்பகுதி மனுஷரைப் பற்றியதல்ல, வீட்டைப் பற்றியது. சுவரிலே பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு கறை படர்ந்தால் என்ன செய்வது என்பது அங்கே வருகிறது. முதல் காரியம், வீட்டுக்குச் சொந்தக்காரனே புறப்பட்டுப் போய் ஆசாரியனிடத்தில் சொல்ல வேண்டும். அயலகத்தான் வந்து காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்க இடமில்லை. ஆசாரியன் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் பூட்டி வைத்து, ஏழாம் நாள் திரும்பவும் பார்க்கிறான். பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, பூச்சைச் சுரண்டி, வேறே கல் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

சென்ற வருஷத் துவக்கத்தில் இந்தக் கண்காணிப்பு வேலையை நம் ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது எனக்கு அந்தப் பகுதிதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஆசாரியன் வைத்தியம் பண்ணவில்லை. பார்த்தான், நாள் குறித்தான், திரும்பிப் பார்த்தான். கண்காணிப்பு என்கிற வேலை முழுவதும் அவ்வளவுதான். கேட்கும்போது சின்ன வேலையாகத் தெரியும். அது எவ்வளவு உயிர்களைக் காத்தது என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். அதில் ஒரு பாதிரியாரும் வருகிறார்.

ஐரோப்பாவிலே வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கென்று இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ம் வருஷத்தில் முதல் பிரிவில் 4,010 பிரசவம், 459 தாய்மார் சாவு. இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவம், 105 சாவு. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நகரத்து ஏழைப் பெண்கள். நூற்றுக்கு 11 பேருக்குமேல் ஒரு பக்கம், 3 பேருக்கும் குறைவு மறுபக்கம். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது எந்தக் கிழமையில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. முதல் பிரிவு வேண்டாம் என்று முழங்காலில் விழுந்து கெஞ்சின பெண்கள் உண்டு. வழியிலேயே தெருவில் பிரசவித்துவிட்டு வந்தவர்கள்கூட அங்கே பிரசவித்தவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள்.

அங்கே உதவி டாக்டராக இருந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஏன் இந்த வித்தியாசம் என்று ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். கூட்ட நெரிசலா? இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். சாப்பாடா? ஒரே சமையல். பிறகு அவர் கண்ணில் பட்டது பாதிரியார். சாகக் கிடக்கிறவர்களுக்கு நற்கருணை கொடுக்க வருகிற பாதிரியார், முதல் பிரிவில் ஐந்து வார்டுகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் ஓர் ஆள் மணியடித்துக்கொண்டு போவான். இரண்டாம் பிரிவில் அவர் நேரே நோயாளி அறைக்குப் போய்விடலாம். மணிச் சத்தம் கேட்டு நடுங்கித்தான் பெண்களுக்கு ஜன்னி காண்கிறது என்று ஓர் எண்ணம் இருந்தது. செம்மல்வைஸ் பாதிரியாரிடம் பேசி, மணியில்லாமல், சுற்றுவழியாய், சத்தமில்லாமல் வந்து போகச் செய்தார். சாவு குறையவில்லை. எங்கள் ஜாதிக்காரர் ஒருவர்மேல் இருந்த பழி இப்படி நீங்கிற்று. நீக்கினது யாருடைய வக்காலத்தும் அல்ல, கணக்கு!

1847-ல் அவருடைய நண்பரான ஒரு பேராசிரியர், பிரேதப் பரிசோதனையின்போது மாணவனின் கத்தி விரலில் பட்டு இறந்துபோனார். அந்தப் பிரேத அறிக்கையை வாசித்தபோது, தாய்மார் உடலில் கண்ட அதே கோளாறுகள் நண்பரின் உடலிலும் இருந்தன. முதல் பிரிவு டாக்டர்களும் மாணவர்களும் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள். மருத்துவச்சிகள் பிரேதத்தைத் தொடுவதில்லை. அந்த வருஷம் மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த தண்ணீரில் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்று கட்டளை போட்டார். 1848-ல் முதல் பிரிவில் 3,556 பிரசவத்துக்கு 45 சாவு. இரண்டாம் பிரிவில் 3,219-க்கு 43. இரண்டும் சமமாகிவிட்டன.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னைப் போன்றவர்களுக்காக எழுதினதுபோல் இருக்கிறது. 1847 அக்டோபரில் கர்ப்பப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை முதல் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வார்டுக்குள் நுழையும்போது கை கழுவினார்கள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது குளோரின் தண்ணீரில் கழுவவில்லை. அப்போது அங்கே பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் ஒவ்வொருவரையும் தொட்டபின் கை கழுவ வேண்டும் என்கிற சட்டம் வந்தது.

இவ்வளவும் செய்த மனுஷனை அந்த ஆஸ்பத்திரி 1849-க்குப் பிறகு வைத்துக்கொள்ளவில்லை. அவரும் தம்முடைய புத்தகத்தை 1861-ல்தான் வெளியிட்டார். ஒத்துக்கொள்ளாத பேராசிரியர்களைக் கொலைகாரர் என்றே பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தார். கணக்கு சரியாக இருந்தும் சொன்ன விதம் பாழாக்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கிறவர்கள் கடினப்பட்டுப்போனதும் உண்மைதான். இரண்டையும் மனதில் வைத்துத்தான் நம் ஆஸ்பத்திரியில் இந்த ஊழியத்தை அமைத்திருக்கிறார்கள்.

நம்மிடத்தில் இது எப்படி நடக்கிறது? தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு சிஸ்டர் இருக்கிறார். வேறே டியூட்டி அவருக்குக் கிடையாது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் வார்டு வார்டாகப் போய், எத்தனை பேருக்கு மூத்திரக் குழாய் இருக்கிறது, எத்தனை பேருக்குச் சென்ட்ரல் லைன், எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று எண்ணி எழுதுகிறார். யாருக்கும் ஒன்றும் வரவில்லையென்றாலும் எண்ண வேண்டும். இது ஏன் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சும்மா ஒரு உதாரணம் சொல்கிறேன், நம் எண் அல்ல. ஒரு மாதம் தினமும் 10 பேருக்கு லைன் இருந்தது. 30 நாளில் அது 300 லைன் நாட்கள். அதில் 3 பேருக்குத் தொற்று என்றால், 1000 நாளுக்கு 10. அடுத்த மாதம் தினமும் 5 பேர்தான். 150 லைன் நாட்கள், 2 பேருக்குத் தொற்று. மூன்று இரண்டாகக் குறைந்ததே என்று நாம் ஸ்தோத்திரம் சொல்லிவிடுவோம். சிஸ்டர் கணக்குப் போட்டால் 1000 நாளுக்கு 13-ஐத் தாண்டுகிறது. காரியம் மோசமாகியிருக்கிறது. தொற்று வந்தவர்களை மாத்திரம் எண்ணினால் இது தெரியாது. வராதவர்களையும் எண்ண வேண்டும். தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் எண்ணினதினால்தானே ஒன்று குறைவது அந்த மேய்ப்பனுக்குத் தெரிந்தது?

லேபிலிருந்து வருகிற கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை அவர் தினமும் பார்க்கிறார். ஒரே கிருமி ஒரே வார்டில் இரண்டு மூன்று பேரிடம் தெரிந்தால் அன்றைக்கே தேடிக்கொண்டு போகிறார். பொதுவாய்ப் பயன்படுத்தின ஏதாவது ஒரு சாமானா, ஈரப்பதம் ஏற்றும் பாட்டிலில் நின்ற தண்ணீரா, ஒருவருடைய கையா என்று பார்ப்பார். ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்த தாளையும் கேட்டு வாங்குவார். தியேட்டர்க்காரர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆபரேஷன் புண். அதை 30 நாள் வரைக்கும் தொடர்ந்து பார்க்க வேண்டும். உள்ளே பிளேட்டோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள். நம் ஜனங்களோ அவ்வளவு நாள் இருக்க மாட்டார்கள். ஒரு வாரத்திலேயே, "ஆடு மாடு இருக்கு, அறுப்பு இருக்கு" என்று போய்விடுவார்கள். புண்ணில் சீழ் வைத்தால் நம்மிடம் திரும்பி வருவதில்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டிக்கொள்வார்கள். நம் ரிஜிஸ்தரில் அந்த ஆபரேஷன் சுத்தமாக முடிந்ததாகவே நிற்கும். ஆகையால் சிஸ்டர் போன் பண்ணுகிறார். கொடுத்துவிட்டுப் போன நம்பர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், அல்லது வெளியூரில் வேலை பார்க்கிற மகனுடையதாக இருக்கும். "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்றால் "நல்லாயிருக்காரு சிஸ்டர்" என்பான் மகன், அப்பாவைப் பார்த்தே ஒரு மாதமாகியிருக்கும். அதனால் அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். புண்ணிலிருந்து துணியில் ஏதாவது ஒட்டுகிறதா, காய்ச்சல் வந்ததா, வேறே எங்காவது காட்டி மாத்திரை வாங்கினீர்களா என்று கேட்கிறார். இந்த மூன்றாவது கேள்வியில்தான் உண்மை வெளியே வருகிறது.

இந்த வேலையை வெறும் கணக்கு என்று நான் நினைக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. பேர் ஊர் வேண்டாம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு விவசாயி ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டியவர், புண் பிளந்து ஆறு வாரம் கிடந்தார். அவர் கும்பிடுகிற தெய்வம் வேறு. ஆனாலும் நான் போய் உட்கார்ந்தால் பேசுவார். ஒரு நாள் அவர் மனைவி என்னைத் தாழ்வாரத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய், "சாமி, வரும்போது இந்தச் சீக்கு இல்லையே, எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். கோபமாய்க் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாயிருந்திருக்கும். அவள் தன்னுடைய பத்தியத்தில் ஏதும் குறைவோ என்றுதான் கேட்டாள். கறவை மாட்டை விற்றுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய குற்றம் இல்லை என்று சொன்னேன். அதற்குமேல் எப்படி வந்தது என்று சொல்வதற்கு அந்தக் காலத்தில் இங்கே ஒரு கணக்குப் புத்தகமும் கிடையாது. ஜெபத்தினால் அவளுக்கு ஆறுதல் உண்டாயிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது ஒரு கேள்வி, அதற்குப் பதில் கிடைக்க அவளுக்கு நியாயம் இருந்தது.

இப்போது கமிட்டியில் நடந்த தர்க்கத்தைச் சொல்கிறேன். கண்காணிப்பு ஆரம்பித்து முதல் ஆறு மாதத்தில் எண் குறையவில்லை, கூடிற்று. முன்பு யாரும் தேடவில்லை, இப்போது தேடுகிறோம். தேடினால் அகப்படத்தானே செய்யும்? போன் பண்ண ஆரம்பித்ததும் இன்னும் கூடிற்று. இந்த எண்ணை நம்முடைய இதழில் போடலாமா என்ற கேள்வி வந்தது. போடக் கூடாது என்றவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. "ஜனங்கள் காணிக்கை அனுப்புகிறது சுகத்துக்காக, சீழைப் பற்றி வாசித்தால் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். பக்கத்து ஆஸ்பத்திரிகளெல்லாம் ஒன்றும் சொல்லாமலிருக்கும்போது நாம் மாத்திரம் சொன்னால் நம்மிடத்தில் மட்டும்தான் தொற்று இருக்கிறது என்று நினைப்பார்கள்" என்றார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். ஒரு மூப்பர் தாவீது ராஜாவையும் இழுத்தார்: ஜனங்களை எண்ணினதினால்தானே தேசத்தில் கொள்ளைநோய் வந்தது என்றார். எல்லாரும் சிரித்தோம். தாவீது எண்ணினது பட்டயம் உருவுகிறவர்களை, தன் பலத்தைப் பார்த்துக்கொள்ள. சிஸ்டர் எண்ணுவது நம்மால் காயப்பட்டவர்களை என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டாரோ இல்லையோ, போடலாம் என்று கை தூக்கினார்.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தொற்றே இல்லை என்று சொல்லுகிற ஆஸ்பத்திரியில் என் வீட்டு ஆளைச் சேர்க்க நான் யோசிப்பேன். அங்கே எண்ணுகிறவர் இல்லை என்றே அதற்கு அர்த்தம்.

எண்ணினால் குறையுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1970-களில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளை எடுத்து நடத்தின பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 1985-ல் வெளிவந்தது. 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், ஒழுங்கான கண்காணிப்பு, புண் தொற்று விகிதத்தை அந்தந்த சர்ஜனிடமே திருப்பிச் சொல்லுதல், இவ்வளவும் இருந்த இடங்களில் தொற்று 32 சதவீதம் குறைந்தது. ஒன்றும் இல்லாத இடங்களில் அதே காலத்தில் 18 சதவீதம் கூடினது. திருப்பிச் சொல்லுதல் என்பதைக் கவனியுங்கள். நம் சிஸ்டரும் மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்ஜனுக்கும் அவருடைய எண்ணை மூடின கவரில் கொடுக்கிறார். மற்றவருடைய எண் அதில் இருக்காது. வார்டுப் பலகையில் வார்டின் எண் மாத்திரம் இருக்கும், ஆள் பேர் இருக்காது. செம்மல்வைஸ் இதைக் கற்றிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ!

பிறகு 2003 முதல் 2005 வரை மிச்சிகன் மாநிலத்து 103 ஐ.சி.யு.க்களில் ஒரு காரியம் செய்தார்கள். லைன் போடும்போது கை கழுவுவது, உடம்பு முழுவதும் மூடும்படி சுத்தமான துணி விரிப்பது, குளோர்ஹெக்சிடின் தடவுவது, தொடைப் பக்கம் போடாமல் கூடியவரை தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது என்று ஐந்தே விதிகள். டாக்டர் ஒன்றை விட்டுவிட்டால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம். 1000 லைன் நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று ஒன்றரை வருஷத்தில் 1.4 ஆயிற்று. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நம் தேசத்திலும் டெல்லி எய்ம்ஸ் முன்னின்று ஆஸ்பத்திரிகளை இணைத்து இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 ஆஸ்பத்திரிகளின் 89 ஐ.சி.யு.க்களில் எடுத்த கணக்கு 2022-ல் வெளிவந்தது. ஆகவே நாம் தனியாக இல்லை.

இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக் குருவையும் விடவில்லை. சிஸ்டர் சில நாள் வார்டு மூலையில் நின்று யார் யார் கை சுத்தம் செய்கிறார்கள் என்று குறிப்பெடுப்பார். டாக்டர், நர்ஸ், ஆயா, பிசியோ என்று கட்டங்கள் போட்ட அந்தத் தாளில் "குருவானவர்" என்று ஒரு கட்டமும் உண்டு. நியாயம்தானே? தலையில் கை வைத்து ஜெபிக்கிறவன் நான். இந்தக் கட்டிலில் கையைப் பிடித்து, அடுத்த கட்டிலில் நெற்றியைத் தொட்டு, ஒரு காலையில் முப்பது பேரிடமாவது போகிறேன். நோயாளியைத் தொடும் முன்னும், தொட்ட பின்னும், அவருடைய கட்டிலையோ போர்வையையோ தொட்ட பின்னும் கை சுத்தம் செய்ய வேண்டும். இருபது முப்பது வினாடி தேய்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அடுத்த கட்டில்காரரின் பேரைச் சொல்லி மனதுக்குள் ஜெபித்துக்கொள்வேன். எண்ணெய் பூசி ஜெபிக்கும்போது பாட்டிலில் விரலைத் தோய்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு பஞ்சில் சொட்டவிட்டுத் தடவுகிறோம். நோயாளி பார்க்க வருகிற சபையாரும் வாசலில் இருக்கிற பாட்டிலை உபயோகிக்க வேண்டும். 2020-லும் 2021-லும் கொரோனாவுக்குப் பயந்து எல்லாரும் செய்தோமே, இப்போது அந்தப் பழக்கம் எங்கே போயிற்று?

அந்தக் கை மருந்தை நம்முடைய மருந்தகத்திலேயே தயாரிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறைதான். 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரின் 145 மில்லி, மீதிக்குக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர். மூன்று நாள் மூடிவைத்து எடுக்கிறார்கள். கையில் அழுக்கோ ரத்தமோ பட்டிருந்தால் இது உதவாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஜெனிவா நகர ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் இப்படிப் பாட்டில் வைத்து, கவனித்து, திருப்பிச் சொன்னதில் 1994-ல் 48 சதவீதமாயிருந்த கை சுத்தம் 1997-ல் 66 ஆயிற்று. தொற்று நூற்றுக்கு 17-லிருந்து 10-க்கு வந்தது. படித்த டாக்டர்கள் நிறைந்த அந்த ஊரிலேயே மூன்றில் ஒரு தடவை தவறிப்போகிறது என்பதையும் இதில் கவனியுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசித்தானே ஆக வேண்டும்? ஸ்கேன் மிஷின் வாங்கினால் அதன்மேல் கொடுத்தவர் பேரைப் பொறிக்கலாம். கட்டிடம் கட்டினால் பளிங்குக் கல்லில் வெட்டலாம். புண்ணில் சீழ் வைக்காமல் வீட்டுக்குப் போன ஒருவருடைய வயிற்றில் உங்கள் பேரை எழுத முடியாது. அவருக்கே தெரியாது, தான் எதற்குத் தப்பினார் என்று. இந்த ஊழியத்துக்குக் கொடுப்பது ஒரு சிஸ்டரின் மாதச் சம்பளமாகவும், லேபில் கல்ச்சர் போடுகிற செலவாகவும், எத்தனாலாகவும், போன் பில்லாகவும் போய்விடும். கல்ச்சர் செலவை ஏழை நோயாளியின் பில்லில் சேர்க்கக் கூடாது என்பது கமிட்டியின் தீர்மானம். காரணம் சுலபம். காசு கேட்டால் டாக்டர் அனுப்பத் தயங்குவார். அனுப்பாவிட்டால் கணக்கு குறையும். கணக்கு குறைந்தால் நாம் சுத்தமாகிவிட்டோம் என்று நம்பிவிடுவோம்.

தற்போது இந்தச் சிஸ்டர் ஒருவர்தான். அவர் லீவில் போன வாரங்கள் அந்தப் புத்தகத்தில் வெறுமையாயிருக்கின்றன. வார்டு நர்ஸ்கள் கூடுதலாக எழுதிப் பார்த்தார்கள், மூன்று பேர் கவனிக்க வேண்டிய இரவு டியூட்டியில் முடியவில்லை. இரண்டாவது ஒருவரைப் பயிற்றுவித்து வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்குப் போகச் சம்மதித்த ஒரு நர்ஸும் இருக்கிறார். வரும் நிதிக் கமிட்டியில் இது முதல் காரியமாக வருகிறது, அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்றரை வருஷத்து எண்கள் உங்கள் நாற்காலியில் வைத்திருந்த மஞ்சள் தாளில் இருக்கின்றன. இதழில் வாசிக்கிறவர்களுக்கு அது தனித்தாளாக உள்ளே இருக்கும். மேலே ஏறின மாதங்களையும் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். மூன்றாவது பத்தியில் சென்ட்ரல் லைன் எண் இரண்டு மாதம் ஏறி நிற்பதைப் பார்ப்பீர்கள். அதற்குக் காரணம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில் சிஸ்டர் தம்முடைய புத்தகத்தோடு நிற்பார். என்ன வேண்டுமானாலும் அவரிடம் கேளுங்கள். பந்திக்கு முன்னால் கை கழுவும் தொட்டியும் அங்கேதான் இருக்கிறது. யார் கழுவுகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டும் இருப்பார்.